மனுவில் இருந்த பெயர்

அத்தியாயம் 9

நல்லம்மாள் அந்த மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

கோர்ட்டு வாசலில் எழுதி வாங்கி வந்த மனு. இங்கிலீஷில் இருந்தது. அவள் கணவர் ராதாகிருஷ்ணன் அதை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். தம்முடைய அண்ணன் கன்னையா சித்த சுவாதீனம் இல்லாதவர், வீட்டில் வைத்துக்கொள்ள லாயக்கில்லை, தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவாக வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டாள். ஏன் போட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால், போடச் சொன்னார் என்பதற்கு மேல் அவளிடம் பதில் கிடையாது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குக் கன்னையாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். இருபத்தைந்து வருஷம் ரயில் பாதையில் கட்டை போட்டு ஆணி அடித்தவர். பெஞ்சன் வாங்கிய நாளிலிருந்து ரயிலில் ஏறுவதே இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இருபது மைல் தள்ளி இருக்கும் கிள்ளானுக்குப் போக வேண்டுமென்றாலும் நடைதான். தலைப்பாகையின் மேல் ஒரு வெள்ளைக்காரத் தொப்பி. காலில் செருப்புக் கிடையாது. கொல்லையில் ஒரு பிஸ்கட் தகரத்தில் மழைத் தண்ணீரைப் பிடித்து, எத்தனை விரற்கடை என்று கரியால் சுவரில் எழுதி வைப்பார். ரயில்வே குவாட்டர்ஸ் வரிசை முழுக்க அவருக்கு 'லூசு கன்னையா' என்றே பெயர்.

ராதாகிருஷ்ணன் நேர் எதிர். சாலாக் செலாத்தான் ஸ்டேஷனில் சிக்னல் கேபின்காரர். பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் எப்போதும் பளபளக்கும்.

மனுவின் பேரில் கன்னையாவைப் பரிசோதித்துச் சர்டிபிகேட் கொடுக்க அன்று காலை பத்தரைக்கு டாக்டர் மரியநாயகம் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

தடித்த மனிதர். உட்கார்ந்ததும் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். நல்லம்மாள் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவருடைய இடது பூட்ஸில் கயிறு அவிழ்ந்து கிடந்தது அவள் கண்ணில் பட்டது. பிறகு அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

ராதாகிருஷ்ணன் ஒரு தாளைப் பிரித்து, அண்ணனின் குற்றங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கன்னையா சுவரில் சாய்ந்து நின்றபடி, வேறு யாரையோ பற்றிப் படிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க தகரத்துல மழைத் தண்ணி பிடிக்கிறீங்க?" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"எவ்வளவு பெஞ்சிருக்குன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. இருபத்தாறுல வெள்ளம் வந்துச்சே, இந்த வீட்டுல இடுப்பளவு தண்ணி. அன்னிக்கு ஒருத்தருக்கும் ஒரு அளவும் தெரியல. அதுலேருந்து எட்டு வருஷமா எழுதுறேன். தெரிஞ்சா ஒரு திருப்தி, அவ்வளவுதான்."

"எஞ்சினுக்கெல்லாம் கும்பிடு போடுறீங்களாமே?"

"எஞ்சினுக்கா? டிரைவருக்குங்க. எஞ்சினுக்குக் கும்பிடு போட நான் என்ன பைத்தியமா?"

டாக்டரின் உதடு கொஞ்சம் விரிந்தது. "ரயில்ல ஏற மாட்டீங்களாமே, ஏன்?"

"அந்தக் கட்டையெல்லாம் நான் போட்டதுங்க. எந்தக் கட்டை எப்படிப் போட்டேன்னு எனக்குத் தெரியும்."

"ஆளில்லாத இடத்துல பேச்சுக் குரல் ஏதாவது கேக்குதா?"

"ஆள் இருந்தாலே சரியாக் கேக்கறதில்ல. பாறைக்கு வெடி வச்ச காலத்துல இந்தக் காது போயிடுச்சு. இந்தப் பக்கமா வந்து பேசுங்க."

கால் மணி நேரம் இப்படிப் போயிற்று. டாக்டர் நாள் கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கன்னையா இரண்டு இடத்தில் தவறினார். இரண்டையும் தாமே திருத்தினார். டாக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"இவருக்கு நான் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. இவருக்கு ஒண்ணுமில்ல."

"நடிக்கிறார் சார்," என்றார் ராதாகிருஷ்ணன். குரலில் கோபமே இல்லை. "நீங்க வந்தா எப்படிப் பேசணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"யாரு?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியலையே. சொல்லுங்க."

ராதாகிருஷ்ணன் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரயில் நேரம் கேட்டவருக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"கேபின்ல மணி இருக்கு சார். வண்டி புறப்பட்டா அடுத்த ஸ்டேஷன்காரன் அடிப்பான். அது எல்லாருக்கும் உள்ளது. அதுக்கு நடுவுல இன்னொண்ணு அடிக்குது. அது எனக்கு மட்டும். தைப்பூசத்துக்கு முன்னால ஆரம்பிச்சது. முதல்ல என் பேரு மட்டும்தான். இப்ப எல்லாம் சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"அண்ணனை வீட்டை விட்டு அனுப்பிடு, இல்லாட்டி உன் உசுரு போயிடும்னு. இவர் தகரத்துல பிடிக்கிற தண்ணி மழைத் தண்ணி இல்ல சார். அதைக் கொஞ்சம் கொஞ்சமா என் சோத்துல கலக்குறாரு. வேணும்னா இவளைக் கேளுங்க. ஆறு மாசமா இவ ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்த பிறகுதான் எனக்குப் போடுறா."

டாக்டர் நல்லம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

உண்மைதான். "முதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு" என்று அவர் முதல் தடவை சொன்ன அன்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இப்போதாவது ஒரு பிரியம் வந்ததே என்று நினைத்தாள். அடுப்படியில் நின்று ஒரு வாய், பிறகு அவருக்கு இலை. அவள் விழுங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். விழுங்கி முடித்து இருநூறு வரை எண்ணுவார். அதையும் அவள் பிரியம் என்றே வைத்துக்கொண்டிருந்தாள்.

தூணைப் பிடித்திருந்த கை தூணில் இருப்பதை அவள் பார்த்தாள். ஆனால் தூண் கையில் உறைக்கவில்லை.

கன்னையா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராதாகிருஷ்ணன், நான் ஒண்ணு கேக்குறேன். இதெல்லாம் நம்ம மனசு செய்யற வேலையா இருக்குமோன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். அது எப்படி இருக்கும்?"

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்டுல இருங்களேன்."

ராதாகிருஷ்ணனின் முகம் மாறியது. டாக்டரைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். "நீங்களும் அவங்களுக்குத் தெரிஞ்சவர்தானா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். டாக்டர் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் சைக்கிள் தெரு முனையைத் தாண்டிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குத்தான் அவருக்கு முறை. எப்போதும் போல முன்கூட்டியே போகிறார் என்று நல்லம்மாள் நினைத்துக்கொண்டாள். சாப்பிடாமல் போகிறாரே என்றும் நினைத்தாள்.

டாக்டர் ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதினார்.

"அம்மா, இதை நீங்க கொண்டு போங்க. ஸ்டேஷன் மாஸ்டர் கையில கொடுங்க. ரெண்டு வாரம் மெடிக்கல் லீவு, உடனே கேபின் வேலையிலேருந்து இறக்கணும்னு எழுதியிருக்கேன். வேற ஒண்ணும் எழுதல. என்னைக் கண்டா அவர் முரண்டு பண்ணுவார். உங்களை நம்புறார். நான் நேரா ரயில்வே ஆபீசுக்குப் போறேன்."

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"எனக்கும் பைத்தியமாங்கய்யா?"

டாக்டர் பேனாவை மூடினார்.

"அடுப்பு அணைஞ்சிருக்கும். தண்ணி ஊத்தி நானேதான் அணைச்சிருப்பேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். சில நாள் ஏழு எட்டுத் தடவை. கரியைக் கையால தொட்டுப் பாத்தாலும் மனசு ஆற மாட்டேங்குது. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னதும், என்னைத்தான் கண்டுபிடிச்சுடுவீங்கன்னு பயந்துகிட்டிருந்தேன்."

சொல்லும்போது அவள் குரல் கடைச் சாமான் பட்டியல் படிப்பது போல இருந்தது.

"அடுப்பு அணைஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"இது வீண் வேலைன்னு தெரியுமா?"

"தெரியுங்கய்யா. தெரிஞ்சும் கால் போகுது."

"அதுதாம்மா வித்தியாசம். இதுக்கு நியூரோசிஸ்னு பேரு. பயம் பிடிச்சு ஆட்டுது, ஆனா அது வீண் பயம்னு உங்களுக்கே தெரியுது. உங்க கால் தரையிலதான் நிக்குது. இவரைப் பாருங்க," என்று கன்னையாவைக் காட்டினார், "இவரு ஒரு தினுசு. ஊரு சிரிக்குதேன்னு இவருக்குக் கவலை இல்ல, இவரால யாருக்கும் தொந்தரவும் இல்ல. இதுக்கு மருந்தும் கிடையாது, தேவையும் இல்ல."

"அவருக்கு?"

டாக்டர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்.

"அவருக்குத் தரையே வேறயாயிடுச்சு. நீங்களும் நானும் நிக்கிற தரையில அவரு இல்ல. பொத்தான் பளபளன்னு இருக்கும், வேலை சுத்தமா இருக்கும், கேட்டா ஒழுங்காப் பதில் சொல்வார். வெளியில ஒண்ணும் தெரியாது. சைக்கோசிஸ். அதுக்குத்தான் ஆஸ்பத்திரி. அந்த மனு எழுத வேண்டியது இவரு பேருக்கு இல்லம்மா. நாளைக்கு நீங்க என் டிஸ்பென்சரிக்கு வாங்க, அதைப் பேசிக்கலாம்."

படியிறங்கியவர் திரும்பினார். "ஒண்ணு மறந்துடாதீங்க. அவர்கிட்ட வாதாடாதீங்க. அவர் சொல்றதுக்கு ஆமாம்னும் போடாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். கஷ்டம்தான்."

ரிக்‌ஷா போயிற்று.

நல்லம்மாள் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. புடவை மாற்றினாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். வாசலுக்கு வந்தாள். திரும்பிப் போய்க் கரியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி வந்தாள், மறுபடி போனாள். இந்த நேரத்திலுமா என்று அவளுக்கே இருந்தது. கன்னையா வாசலில் நின்றார். சீக்கிரம் வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாம் தடவை அவள் வெளியே வந்தபோது கதவை அவரே சாத்தினார்.

"பெரியத்தான், அந்தக் காயிதத்துல நானும் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும். அவன் மடியிலேருந்து விழுந்துச்சு, பாத்தேன்."

"என்னை ஒண்ணும் கேக்கலையே நீங்க."

"உன் பேரு அழகா எழுதியிருந்தே," என்றார். "நீ ரயில்ல போ. நான் பாதையோட வந்துடறேன்."

"இன்னிக்கு ஒரு நாளாவது ஏறக் கூடாதா?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "முடியலம்மா," என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அவள் மட்டும் போனாள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கூடைக்காரப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரில் இருந்தவள் ஏதோ கேட்டாள். இவள் தலையை ஆட்டினாள். என்ன கேட்டாள் என்பது காதில் ஏறவே இல்லை.

சாலாக் செலாத்தான் ஸ்டேஷன் மாஸ்டர் தம்புசாமி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ராதாகிருஷ்ணனுக்கா? இப்பத்தானே கேபினுக்கு ஏறினாரு? நல்லாத்தானே இருக்காரு? என்னம்மா உடம்புக்கு?"

"டாக்டர் எழுதிக் கொடுத்தாருங்க."

"அவர மாதிரி ஒரு ஆள் இந்த லைன்லயே கிடையாது. மத்தவங்கள இறக்கச் சொன்னா உடனே இறக்கிடுவேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மூத்தாருக்குத்தானே ஏதோ கோளாறுன்னு சொன்னாங்க?"

"அவருக்கு ஒண்ணுமில்லங்க."

தம்புசாமி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் எதைக் கண்டாரோ, அப்புறம் கேள்வி கேட்கவில்லை. மாற்று ஆள் பக்கிரிசாமியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். "அவன் வந்து ஏறட்டும். அதுக்குள்ள ஒரு கூட்ஸ் போகணும். அதை இவருதான் விடணும். வேற வழியில்ல."

பிளாட்பாரத்து பெஞ்சிலிருந்து கேபின் நன்றாகத் தெரிந்தது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ராதாகிருஷ்ணன் நின்றார். மணி அடிப்பது இங்கே கேட்டது. முதலில் ஒன்று. பிறகு சில. இவற்றில் எது ரயிலுக்கு, எது அவருக்கு? அவர் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்புசாமியும் கையில் கடிதத்தோடு அங்கேயே பார்த்தபடி நின்றார்.

கூட்ஸுக்கு வழிவிட வேண்டிய கைகாட்டி இறங்கவில்லை.

தூரத்தில் எஞ்சின் ஊதியது. இன்னும் இறங்கவில்லை. தம்புசாமி இரண்டு எட்டு முன்னால் வைத்தார். இழுத்த சத்தத்தோடு கைகாட்டி விழுந்தது. ஈய மண்ணும் ரப்பரும் ஏற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பெட்டி தாண்டியதும் கைகாட்டி மறுபடி நேராக நின்றது. ஒரு பிசகும் இல்லை.

தம்புசாமி மூச்சு விட்டார். நல்லம்மாள் தானும் மூச்சுப் பிடித்திருந்தாளா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

பக்கிரிசாமி தூக்கக் கலக்கத்தில் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தான். "என்ன அண்ணி, அண்ணனுக்குக் காய்ச்சலா? காலையிலயே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்லா," என்றபடி ஏணிப்படி ஏறினான்.

தகராறு வரும் என்று தம்புசாமி எதிர்பார்த்தார். வரவில்லை. ராதாகிருஷ்ணன் புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கிரிசாமியிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு சலாம் வைத்தார். பெஞ்சில் நல்லம்மாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தம்புசாமி அறைக்குள் போகும் வரை அவர் பேசவில்லை.

"நீ வந்து என்னை இறக்கினது நல்லதாப் போச்சு," என்றார் தணிந்த குரலில். "நாலு நாப்பது மெயிலுக்கு ஏதோ ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. காலையிலேருந்து மணி அதையேதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"நல்லம்மா. உனக்கும் கேட்டுச்சா?"

அவர் முகத்தை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சவரம் செய்யும்போது தாடையில் ஒரு கீறல் விழுந்திருந்தது. தண்ணீரில் தத்தளிக்கிறவன் கரையில் நிற்பவனைப் பார்ப்பது போல அவர் அவளைப் பார்த்தார். இல்லை என்றால் அவளும் 'அவங்க'ளில் ஒருத்தி ஆகிவிடுவாள். நடுவில் நில்லுங்கள் என்றார் டாக்டர். அந்த நடு எங்கே இருக்கிறது என்று அவள் தேடினாள்.

"கேட்டுச்சுங்க," என்றாள்.

ராதாகிருஷ்ணனின் தோள்கள் தளர்ந்தன. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் ஈரம் கசிந்தது. "நான் ஒருத்தன்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆறு மாசம் நல்லம்மா. நான் ஒருத்தன் மட்டும்தான்னு..."

அவர் அழுது முடிக்கும் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முதுகு தடவினாலும் கை இப்படித்தான் போயிருக்கும்.

கோலாலம்பூர் வண்டி வந்தது. அவர் முதலில் ஏறி, அவள் ஏறுவதற்குக் கை நீட்டினார். ஏழு வருஷத்தில் இது முதல் தடவை. கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுத்தார். பிறந்தகத்துக்குப் போகும் பெண்ணைப் போல அவளை அவ்வளவு பக்குவமாக உட்கார வைத்தார்.

வண்டி வெளிக் கைகாட்டியைத் தாண்டியபோது, பாதையோரத்தில் எதிராக ஒருவர் வெறுங்காலில், முழங்கால் வரை செம்மண் புழுதியோடு வேகமாக நடந்து வருவது தெரிந்தது. அவளுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

அவள் கையைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது. குனிந்து, அவள் காதோடு வாய் வைத்து, ரொம்ப ஆசையாகக் கேட்டார்:

"அண்ணனை என்ன செய்யணும்னு உனக்குச் சொல்லுச்சு?"